மேட்டுக்குப் பின்னால் நிற்பவர்கள்

கடலைப் பார்க்கப் போகிறோம் என்றுதான் சொல்வோம். மணல்மேட்டைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி வீட்டிலிருந்து கிளம்பிய ஒருவரை நான் கண்டதில்லை. மேடு என்பது கடலுக்கும் நமக்கும் நடுவில் கிடக்கும் ஒரு தொந்தரவு. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கால் புதையப் புதைய ஏறி, மூச்சு வாங்க உச்சிக்கு வந்து 'அப்பாடா, தெரியுது' என்று சொல்லும்வரை அது குறுக்கே நிற்கிறது. சொன்ன பிறகு முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. அதோடு சரி.

இலங்கையின் தென்கிழக்கில் இருக்கும் யால தேசியப் பூங்காவுக்கு நானும் மேட்டைப் பார்க்கப் போகவில்லை. சிறுத்தையைப் பார்க்கப் போனேன். 1938இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட காடு அது. ஒரு பக்கம் முட்புதர், குளம், பாறை. இன்னொரு பக்கம் நேராக இந்தியப் பெருங்கடல். உள்ளே ஜீப்பை விட்டு இறங்கக் கூடாது என்பது விதி. இறங்கிக் காலை நீட்டிக்கொள்ள விடுகிற ஒருசில இடங்களில் பட்டனங்கல கடற்கரை ஒன்று. விடிகாலையிலிருந்து குலுங்கிய இடுப்போடு அங்கே இறங்கினால், முதலில் கண்ணில் படுவது கடல் இல்லை. ஒரு காலத்தில் தங்கும் விடுதியாக இருந்த கட்டடத்தின் அடித்தளமும், அதன் பக்கத்தில் ஒரு நினைவுச்சின்னமும். 2004 டிசம்பர் 26 காலையில் அந்த இடத்தில் இருந்தவர்களில் பலர் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. பௌர்ணமி என்றால் இலங்கையில் போயா விடுமுறை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வேறு. கடற்கரைக்குப் போக அதைவிடத் தோதான நாள் கிடையாது.

யாலவைப் பற்றி ஒரு கதை உலகம் முழுக்கத் தெரியும். சுனாமியில் மனிதர்கள் இறந்தார்கள், விலங்குகள் தப்பின, யானைகளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது என்பது. எங்கள் ஜீப் டிரைவரும் அதைச் சொன்னார். எனக்கு அந்தக் கதையின்மேல் கொஞ்சம் எரிச்சல் உண்டு. அதில் ஆச்சரியம் இருக்கிறது, பொறுப்பாளி யாரும் இல்லை. கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போய்விடலாம். அதே கரையில் நடந்த இன்னொரு விஷயத்தை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

2005 ஜனவரியில் சர்வதேச சுனாமி ஆய்வுக் குழு ஒன்று இலங்கைக் கரை நெடுகப் போய் அலை எங்கே எவ்வளவு உயரம் ஏறியது என்று அளந்தது. அதே ஆண்டு 'சயன்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. அதில் ஓரிரு வரிகளில் ஒரு செய்தி. யால பகுதியில் ஒரு ரிசார்ட், கடல் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தன் முன்னால் இருந்த மணல்மேட்டின் ஒரு பகுதியை அகற்றியிருந்தது. அலை அந்த இடத்தில் அதிக உயரம் ஏறியது; ரிசார்ட் முழுக்க அழிந்தது. பக்கத்தில் மேடு கலைக்கப்படாமல் இருந்த இடங்களில் அவ்வளவு இல்லை. அவ்வளவுதான் செய்தி. ரிசார்ட்டின் பெயர் இங்கே வேண்டாம். பெயரைச் சொன்னால் இது அவர்களுடைய கதை ஆகிவிடும்.

அந்த வரிகளைப் படித்துவிட்டுத்தான் நான் யாலவுக்குப் போயிருந்தேன். அதனால் பட்டனங்கலவில் எல்லோரும் தண்ணீரை நோக்கி நடந்தபோது நான் மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வெளிர் மஞ்சள் மணல், மேலே புதர், காற்று சீவிவிட்ட வரிகள். இரண்டு மாடி வீட்டின் முன்னால் நிற்பதுபோல் இருந்தது. பின்னால் இருந்த காட்டுக்குக் கடல் தெரியவே தெரியாது. ஓசை மட்டும் கேட்கும்.

அப்போதிலிருந்து ஒரு கேள்வி கூடவே வருகிறது. அந்த ரிசார்ட்டில் தவறு எப்போது நடந்தது?

அலை வந்த நாளில் என்று சொல்ல முடியாது. அன்று யாரும் எதையும் செய்யவில்லை. மேட்டை அகற்றிய நாளில் என்றால், அன்றைக்கு யாருக்கு என்ன நடந்தது? ஒன்றும் இல்லை. மணல் போனது, கடல் தெரிந்தது. அதன்பிறகு எத்தனையோ பேர் அங்கே நாற்காலி போட்டு, தேநீர் குடித்து, சூரிய உதயம் பார்த்து, சந்தோஷமாக ஊர் திரும்பியிருப்பார்கள். அந்த நில நடுக்கம் நூறு வருடம் கழித்து வந்திருந்தால் அந்த மேட்டை இடித்தவர் நல்ல ரசனையுள்ள மனிதர் என்ற பெயரோடு செத்துப்போயிருப்பார்.

தத்துவத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் எழுதிய இரண்டு கட்டுரைகளிலிருந்து 'அறம் சார்ந்த அதிர்ஷ்டம்' என்ற விவாதம் தொடங்குகிறது. நேகல் ஒரு லாரி டிரைவரைச் சொல்வார். அவரை நம் ஊர் தண்ணி லாரி டிரைவராக வைத்துக்கொள்வோம். பிரேக்கைச் சரிபார்க்காமல் வண்டியை எடுக்கிறார். ஒரு நாள் குறுக்கே குழந்தை ஓடிவந்தால் அவர் கொலைகாரர், வராவிட்டால் சோம்பேறி. இரண்டிலும் அவர் செய்தது ஒன்றே. குழந்தை வருவதும் வராததும் அவர் கையில் இல்லை. பிறகு எப்படி இரண்டு தீர்ப்பு?

நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. திருக்குறளில் அறத்துப்பாலின் கடைசி அதிகாரமே ஊழ்தான். இத்தனை அதிகாரங்களாக இதைச் செய், அதைச் செய்யாதே என்று சொல்லிக்கொண்டு வந்துவிட்டு, முடிக்கும் இடத்தில் ஊழை வைத்திருக்கிறார் என்பது எனக்கு எப்போதுமே கொஞ்சம் சங்கடம் தரும் வரிசை. ஆனால் பேச்சு வழக்கில் நாம் ஊழைப் பயன்படுத்துகிற விதம் வேறு. 'விதி, என்ன பண்றது' என்று சொல்கிறவர் பெரும்பாலும் யாருடைய பெயரையோ சொல்லாமல் விடுகிறார். சுனாமிக்குப் பிறகு நம் கரையிலும் இந்த வார்த்தை நிறையக் கேட்டது. அலைக்கு விதி என்று பெயர் வைக்கலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. மேட்டின் உயரம் எப்படி விதியாகும்?

'தெரியாதே' என்பது அடுத்த வாதம். இது வலுவான வாதம், சும்மா தள்ளிவிட முடியாது. 2004 வரை சுனாமி என்ற சொல் தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? கடல்கோள் என்ற சொல் நம்மிடம் இருந்தது; ஆனால் அதைக் கபாடபுரத்தோடு சேர்த்துப் பாடப்புத்தகத்தில் வைத்திருந்தோம். சொல் இருந்தும் அது நமக்கு நடக்கக்கூடியதாக இல்லை. அப்படியிருக்க ஒரு ஹோட்டல்காரர் மட்டும் எப்படி எதிர்பார்த்திருக்க முடியும்?

ஜி.கே. செஸ்டர்டன் சொன்ன வேலி உவமை இங்கே உதவுமா என்று யோசித்தேன். ஒரு வேலி ஏன் போடப்பட்டது என்று தெரியாதவரை அதைப் பிடுங்காதே என்பது அவர் வாதம். இணையத்தில் எல்லோரும் எடுத்துப்போடுவது. ஆனால் வேலியை யாரோ ஒருவர் ஒரு காரணத்துக்காகப் போட்டிருக்கிறார். காரணத்தைத் தேடிப் போகலாம். மேட்டை யாரும் போடவில்லை. காய்ந்த மணலைக் காற்று தூக்கி வருகிறது, ஒரு கொடியில் மோதி வேகம் குறைகிறது, மணல் விழுகிறது. கொடி புதைந்து, மறுபடி மேலே வளர்கிறது. மறுபடி மணல். பெசன்ட் நகர்க் கரையில் குதிரைக் குளம்பு மாதிரி இலையும் ஊதாப் பூவுமாக ஓடிக்கிடக்கும் அடம்பு செய்கிற வேலை இதுதான். கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைத் தைத்துவிடும். இராவணன் மீசை என்று ஒரு புல், குத்தும். அதன் முள்பந்து காற்றில் உருண்டு உருண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். இவற்றுக்கு நம்மைக் காப்பாற்றும் எண்ணம் ஒன்றும் கிடையாது. மேட்டுக்கு நோக்கம் இல்லை. நோக்கம் இல்லாததிடம் 'ஏன் இங்கே நிற்கிறாய்' என்று கேட்டால் பதில் வராது. பதில் வராததால் அது வீணாக நிற்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

அதனால் 'மணல்மேடு நம்மைப் பாதுகாக்கிறது, ஆகவே அதைப் பாதுகாப்போம்' என்கிற சுற்றுச்சூழல் போஸ்டர் வாசகமும் எனக்குப் போதவில்லை. உண்மைதான், ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. பாதுகாப்புதான் விஷயம் என்றால், அதே வேலையைச் செய்ய ஒரு சுவர் கட்டிவிட்டு மேட்டை எடுத்துவிடலாமே? வடசென்னையில் அப்படித்தான் ராயபுரத்துக்கு வடக்கே கரை நெடுக பாறாங்கல் கொட்டி வைத்திருக்கிறோம். அங்கே கல் வந்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். யாலவில் நான் தேடிய பதில் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நம் கரையில் மணல் வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. 1870களின் நடுவில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் நீட்ட ஆரம்பித்தார்கள். வடக்கே போக வேண்டிய மணல் சுவரில் முட்டித் தெற்கே தங்கியது. கரை அகலமானது. ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் 1884இல் அங்கே நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். உலகத்தின் நீளமான கடற்கரைகளில் ஒன்று என்று நாம் பெருமையடிக்கிற அந்த மணல் பரப்பு, பெருமளவுக்கு, சுவருக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட மணல். அந்தப் பக்கம் கடல் தன் பங்கு மணலைக் கரையிலிருந்தே எடுத்துக்கொண்டது. வீடு, தெரு, கோயில் என்று போனது. மயிலாப்பூர்க்காரருக்கு மாலைநேரக் காற்று கிடைத்த அதே கணக்கில் ராயபுரத்துக்காரருக்கு வீடு போனது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை.

ரிசார்ட்டில் நடந்ததும் இதே பிரிவினைதான். காட்சி ஒருவருக்கு, அலை இன்னொருவருக்கு. மேட்டை அகற்ற முடிவெடுத்தவர் அன்று காலை அங்கே இருந்தாரா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. யார் எப்போதும் அங்கே இருப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தட்டு எடுக்கிறவர், படுக்கை விரிக்கிறவர், செடிக்குத் தண்ணீர் விடுகிறவர், இரண்டு நாள் தங்க வந்த யாரோ ஒருவர். மேட்டுக்குப் பின்னால் நிற்பவர்கள். அவர்களிடம் கேட்காமல் அவர்களுக்கு முன்னால் இருந்ததை எடுத்தது, அலை வந்தாலும் வராவிட்டாலும், எடுத்த அன்றே முழுமையாக நடந்து முடிந்த ஒரு தவறு. சுனாமி வரும் என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. கடல் என்றால் புயல் உண்டு, பொங்கும் என்பதற்குமேல் எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். அடுத்தவர் முன்னால் இருப்பதை என் வசதிக்காக எடுக்கிறேன் என்பது தெரிந்தால் போதும். தண்ணி லாரிக்காரர் விஷயத்திலும் நான் இதையே சொல்வேன். குழந்தை ஓடிவந்த நாளில் நமக்குத் தெரியவந்தது, அவ்வளவுதான். பிரேக்கைப் பார்க்காத ஒவ்வொரு நாளும் தெருவில் இருந்த அத்தனை குழந்தைகளையும் அவர் பணயம் வைத்திருந்தார்.

இதைச் சொன்னதும் நண்பன் ஒருவன் கேட்டான்: "அப்போ கடலைப் பாக்க ஆசைப்படறதே தப்புங்கறியா?"

இது நியாயமான கேள்வி. எனக்குக் கடல் பிடிக்கும். அடையாறில் இருப்பதன் ஒரே லாபம் பத்து நிமிடத்தில் கடலுக்குப் போய்விடலாம் என்பதுதான். ஞாயிற்றுக்கிழமை மாலை வியாசர்பாடியிலிருந்தும் தி.நகரின் சந்து வீடுகளிலிருந்தும் பஸ் பிடித்து மெரினாவுக்கு வருகிற குடும்பங்களைப் பாருங்கள். ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிற வீட்டிலிருந்து வருகிறவருக்கு, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை எதுவுமே மறைக்காத ஓர் இடம் இலவசமாகக் கிடைப்பது சின்ன விஷயமா? அதை ஆடம்பரம் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அதைவிடக் கடினமான உதாரணமும் இருக்கிறது. மெரினாவின் மணல் அகலமே சக்கர நாற்காலியில் வருகிறவருக்குத் தடை. சாலையோரத்தில் நின்று தூரத்து நீலக்கோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். பல வருடக் கோரிக்கைக்குப் பிறகு 2022 நவம்பரில் அங்கே மரப்பாதை திறந்தார்கள். முதல் முறையாகக் கடலை அருகில் பார்த்து அழுதவர்களின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து பாதையின் கடலோர முனையை உடைத்துப்போட்டது. ஊரே கிண்டல் செய்தது. எனக்குக் கிண்டல் வரவில்லை. மணலை எடுக்காமல் மணலின் மேலே போன பாதை அது. உடைந்தது பாதைதான், அதனால் பின்னால் இருந்த யாருக்கும் ஆபத்து வரவில்லை. மறுபடி சரிசெய்தார்கள். கடலைப் பார்க்கிற ஆசையை இப்படியும் நிறைவேற்றலாம், அதற்குச் செலவும் சலிப்பும் திரும்பத் திரும்ப ரிப்பேரும் ஆகும்.

பால்கனி வேறு ரகம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடு விற்கிறவர்கள் 'சீ வ்யூ' என்ற இரண்டு சொல்லுக்கு எத்தனை லட்சம் கூட்டுகிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். அங்கே விற்கப்படுவது கடல் இல்லை, கடலுக்கும் உங்களுக்கும் நடுவில் எதுவும் இல்லாமை. எதுவும் இல்லாமையை உண்டாக்க வேண்டுமென்றால் ஏற்கெனவே அங்கே இருந்ததை ஏதாவது செய்தாக வேண்டும். மேடு, புதர், சில இடங்களில் குப்பம்.

ஊரூர் குப்பத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் ஒருமுறை இந்தப் பேச்சை எடுத்தேன். இங்கே முன்னால் மேடு இருந்ததா என்றுதான் கேட்டேன்.

"இருந்துச்சுப்பா. அந்தாண்ட பூரா மேடுதான். சின்னப் புள்ளைல சறுக்கினு வெள்ளாடுவோம். ரோடு போட்டாங்கோ, லைட்டு போட்டாங்கோ, அப்பால எங்க மேடு?"

"வீட்டிலேருந்து கடல் தெரிஞ்சா உங்களுக்கு வசதிதானே அண்ணே?" என்றேன்.

சிரித்தார். "நீ பாக்கணும்னு வர்ற. நாங்க எதுக்குப்பா பாக்கணும்? அதான் எங்களைப் பாத்துக்கினே கீதே."

இதை மீனவர் ஞானம் என்று சட்டகம் போட்டு மாட்ட நான் விரும்பவில்லை. அவர் வீட்டு வாசலும் கடலைப் பார்த்துத்தான் இருந்தது. படகு தெரிய வேண்டும், அலை தெரிய வேண்டும். அவருக்கும் பார்வை தேவை. ஆனால் அந்தப் பார்வைக்கு விலை கொடுப்பவரும் அவரேதான். 2004இல் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் இறந்தவர்கள் எல்லோரும் கடலுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள். கடலை வேடிக்கை பார்க்க அங்கே குடியேறியவர்கள் அல்லர்.

சங்கப் பாடல்களில் நெய்தல் திணையைப் படித்தவர்களுக்கு எக்கர் என்ற சொல் தெரியும். காற்றும் அலையும் குவித்த மணல்மேடு. அடும்பு படர்ந்திருக்கும், புன்னை நிற்கும், அங்கேதான் காதலர் சந்திப்பார்கள். அந்த உலகத்தில் மேடு காட்சியை மறைக்கிற பொருளாக இல்லை. ஊரிடமிருந்து இருவரை மறைக்கிற இடமாக இருந்தது. மறைப்பதும் ஒரு நன்மையாக இருக்கலாம் என்பதை நாம் முழுக்கவே மறந்துவிட்டோம். இன்று காதலர்களுக்கு எலியட்ஸ் கடற்கரையில் போலீஸ் டார்ச் வெளிச்சம்தான் கிடைக்கிறது. அது தனிக் கட்டுரை.

ஆமைகளுக்கு மேடு தேவைப்படுவதும் மறைக்கிறது என்பதற்காகத்தான். ஜனவரி முதல் மார்ச்வரை நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை இரவெல்லாம் நடந்து ஆமை முட்டைகளைச் சேகரிக்கிற மாணவர் குழு ஒன்று 1988இலிருந்து இயங்குகிறது. அவர்களோடு ஒருமுறை நடந்தால் தெரியும். பொரித்த குஞ்சு எந்தப் பக்கம் இருட்டாக உயர்ந்து நிற்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம், வெளிச்சமும் தாழ்வுமாக இருக்கிற பக்கம் போகும். இருட்டாக உயர்ந்து நிற்பது மேடு, வெளிச்சமாகத் தாழ்ந்திருப்பது கடல். பல லட்சம் வருடக் கணக்கு. நாம் மேட்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் விளக்கு வைத்தோம். குஞ்சு சாலையைப் பார்த்து ஊர்கிறது. இந்தக் காட்சிக்கும் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார், அவரிடமும் யாரும் கேட்கவில்லை.

சட்டம் இதையெல்லாம் நம்மைவிட முன்பே யோசித்திருக்கிறது என்பது வேடிக்கை. 1981இல் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார்: அலையேற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டர் தூரத்துக்குக் கரையைக் கலைக்காமல் விடுங்கள் என்று. அதன் தொடர்ச்சியாக 1991இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, தடைசெய்யப்பட்ட செயல்களில் ஒன்றாக மணல்மேடுகளைச் சீரமைப்பதையும் மாற்றுவதையும் குறிப்பிட்டது. எதற்காகச் செய்தாலும் கூடாது என்று விளக்கும்போது அது முதலில் சொல்லும் காரணம், அழகுபடுத்துதல். அரசு ஆவணம் ஒன்று அழகுபடுத்துவதைச் சந்தேகத்தோடு பார்த்த அபூர்வமான வரி அது. 2019 அறிவிக்கையிலும் மணல்மேடு உச்சபட்சப் பாதுகாப்புப் பிரிவில்தான் இருக்கிறது. ஆனால் அதே அறிவிக்கை, மக்கள் நெருக்கமான கடலோரக் கிராமப் பகுதிகளில் கட்டுமானம் கூடாத பட்டையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராக்கிவிட்டது. மேடோ காற்றோடு நகர்கிற பொருள். வரைபடத்தில் கோடு போட்ட பிறகு அது கோட்டைத் தாண்டி வரும். ஏற்கெனவே தரைமட்டமாக்கப்பட்ட மேடு வரைபடத்தில் ஏறவே ஏறாது. இடித்தவருக்கு அதனால் கூடுதல் லாபம்.

உடைந்த பாலத்துப் பக்கம், அடையாறு முகத்துவாரத்தை ஒட்டி, இப்போதும் அங்கங்கே முழங்கால் உயரத்தில் சின்னச் சின்ன மேடுகள் எழுகின்றன. யாரும் நட்டு வைக்காத அடம்பு. ஒரு மழைக்காலம் முழுக்க ஏறி, ஒரு வார இறுதிக் கூட்டத்தில் பாதி மிதிபட்டு, திரும்பவும் ஏறும். போன மாதம் அங்கே ஓர் அம்மா தன் பையனை நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பின்னால் கடல் வரவில்லை, கொடிதான் வந்தது. "கொஞ்சம் அந்தாண்ட தள்ளி நில்லுடா, செடி மறைக்குது" என்றார். பையன் கொடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். வரவில்லை. தள்ளிப்போய் நின்றான்.